பயண வரலாறு புக்: ஆடியோவும் வேணும் ஈபுக்கும் வேணும், ரெண்டு தடவை காசு அழாம வழி இருக்கா?

ஊர்சுத்தாத ஊர்சுத்தி எழுதியது:

வணக்கம் மக்களே, ரொம்ப நாளா ஓரமா நின்னு படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இது முதல் போஸ்ட். இடம் தப்புன்னா நகர்த்திடுங்க.

எனக்கு பயண வரலாறுன்னா ஒரு கிறுக்கு. "பத்து நாள்ல பத்து நாடு" டைப் இல்ல, அந்தக் காலத்துல ஒட்டகத்துலயும் கப்பல்லயும் போனாங்களே, எந்த வருஷம் கிளம்பினான், எந்த வழியா போனான், எங்க மாட்டினான், அவன் சொன்னதுல எது நிஜம் எது ரீலுன்னு இப்ப உள்ள ஆராய்ச்சியாளர் ஒருத்தர் உக்காந்து பிரிச்சு மேயற மாதிரி புக்ஸ். அப்படி ஒண்ணு மேல கண்ணு வெச்சிருக்கேன், பட்டுப்பாதை பத்தினது, ஆடியோ மட்டும் 22 மணி நேரம்.

எனக்கு துணி மடிக்கும்போது, நடக்கும்போது, பாத்திரம் கழுவும்போதுதான் நேரம் கிடைக்கும், அதனால ஆடியோ வேணும். ஆனா கேட்டா மட்டும் மண்டைல நிக்க மாட்டேங்குது. சமர்கண்டுன்னா ஓகே, கேள்விப்பட்ட பேரு. காஷ்கர், யார்க்கந்து, கோத்தான்னு வரிசையா மூணு ஊர் பேர வாசிக்கிறவர் மூச்சு விடாம சொல்லிட்டு போயிட்டாருன்னா எது முதல்ல எது பின்னாலன்னு குழம்பி, கைல சோப்போட போன தொட்டு பின்னாடி தள்ளி, திரும்பவும் தள்ளி, கடைசில ஸ்கிரீன் முழுக்க நுரைதான் மிச்சம். ராத்திரி ஈபுக்ல அதே இடத்த திறந்து மேப்ப பாத்தாதான் உக்காருது. ஆக ரெண்டும் வேணும்.

ஆனா ரெண்டும் தனித்தனியா முழு விலை! ஒரே புக்குக்கு எதுக்குங்க ரெண்டு தடவை? சேத்து வாங்கினா குறையுமா, சேல் எப்ப வரும், இல்ல வேற ஏதாவது வழி இருக்கா? திருட்டு பிடிஎஃப் லிங்க் தயவுசெஞ்சு வேண்டாம், இன்பாக்ஸ்லயும் வேண்டாம்.


காதுல ஹெட்செட் எழுதியது:

ப்ரோ, முதல்ல ஆடியோ விலைய பாக்காதீங்க, ஈபுக் விலைய பாருங்க. ஏன்னா அமேசான்ல விஸ்பர்சிங்க்னு ஒண்ணு இருக்கு, 2012லயே வந்தது. ஒரு புக்குக்கு கிண்டில் ஈபுக் பதிப்பும் ஆடிபிள் (அமேசானோட ஆடியோபுக் கடை) பதிப்பும் ஜோடி சேத்து வெச்சிருந்தாங்கன்னா, கிண்டில வாங்கும்போதே ஆடியோவையும் சேத்துக்கிறீங்களான்னு ஒரு டிக் பாக்ஸ் வரும், அங்க காட்ற விலை ஆடியோவ தனியா வாங்கற விலைய விட பெரும்பாலும் நல்லாவே கம்மியா இருக்கும். பல தடவை ஈபுக்கும் அந்த சேர்ப்பு விலையும் ரெண்டும் கூட்டினாக்கூட தனி ஆடியோ விலையத் தொடாது. இது தெரியாம முதல்ல ஆடியோவ முழு விலைக்கு வாங்கிட்டு அப்புறம் ஈபுக் தேடறவங்கதான் ஜாஸ்தி. அதுலயும் ஈபுக் சேல்ல இருக்கற அன்னிக்கு பாத்தீங்கன்னா யோகம்தான்.

இன்னொரு நல்லது, காலைல காதுல விட்ட இடத்துலேந்து ராத்திரி கண்ணுல தொடரலாம், அதுவே பக்கத்த பிடிச்சு வெச்சிருக்கும். போன் ஆப்ல வாசிக்க வாசிக்க வரிய கலர் பண்ணியும் காட்டும், உங்க காஷ்கர் யார்க்கந்து பிரச்சனைக்கு அதுவே பாதி மருந்து.

ஆனா எல்லா நாட்டு அக்கவுண்ட்லயும் இது வராது, எல்லா புக்குக்கும் கிடையாது. டிக் பாக்ஸ் வரலன்னா வரலதான், மல்லுக்கட்டிப் பிரயோஜனம் இல்ல.

ஆடிபிள் சந்தால கிடைக்கற கிரெடிட் (ஒரு ஆடியோபுக் எடுக்கற டோக்கன் மாதிரி) வெச்சிருந்தீங்கன்னா கணக்கு வேற. ஒரு கிரெடிட்டுக்கு 5 மணி நேர புக்கும் ஒண்ணுதான், 22 மணி நேர புக்கும் ஒண்ணுதான். அதனால கிரெடிட்ட குண்டு புக்குக்கு வெச்சுக்கோங்க, ஒல்லி புக்க காசு கொடுத்து வாங்குங்க. சப்ஸ்கிரிப்ஷன நிறுத்தினா கிரெடிட் போட்டு வாங்கின புக் உங்ககிட்டயே இருக்கும், செலவு பண்ணாத கிரெடிட் போயிடும், அந்த "இலவசமா கேக்கலாம்" பட்டியல்ல இருந்து எடுத்ததும் போயிடும். நிறுத்தறதுக்கு முன்னாடி நாள் கிரெடிட்ட எல்லாம் தீத்துடுங்க.

இப்ப என் சோகக்கதை. போன வருஷம் ஒரு இடைக்காலப் பயணியோட குறிப்பு, ஈபுக் ஒரு கடைல அடிமாட்டு விலைக்கு கிடைச்சுது, ஆடியோ இன்னொரு கடைல ஆஃபர், ரெண்டையும் டக்குனு வாங்கிட்டு சூப்பர் டீல் அடிச்சோம்னு சட்டைக் காலரத் தூக்கி விட்டுக்கிட்டேன். பிளே பண்ணி ஈபுக்க பக்கத்துல வெச்சா ஒரு வரி ஒத்துப் போகல. ரெண்டும் வேற வேற மொழிபெயர்ப்பு! ஊர் பேரு கூட வேற ஸ்பெல்லிங், அத்தியாயம் பிரிச்சதும் வேற, ஆடியோல 14ன்னு வருது, ஈபுக்ல அது 11. சரி மொழிபெயர்ப்பாளர் பேரப் பாக்காதது என் தப்புன்னு விட்டாலும், ஆடியோ பக்கத்துல அந்தப் பேரே கீழ எங்கயோ பொடி எழுத்துலதான் இருந்துச்சு. அன்னிலேந்து விலைக்கு முன்னாடி மொழிபெயர்ப்பாளர் பேரு, பதிப்பு வருஷம் ரெண்டையும் பாக்காம கார்ட்ல கை வைக்கிறதில்ல.


ஊர்சுத்தாத ஊர்சுத்தி எழுதியது:

ப்ரோ இல்லீங்க, சிஸ்டர் 😄 டிக் பாக்ஸ் மேட்டர் எனக்கு சுத்தமா தெரியாது, இன்னிக்கே பாக்கறேன். அந்த 14க்கும் 11க்கும் மொழிபெயர்ப்புதான் காரணமா? என்கிட்ட ஒரே பதிப்பு ரெண்டும் இருந்தும் நம்பர் மாறுது.


காதுல ஹெட்செட் எழுதியது:

மன்னிச்சுக்கோங்க சிஸ்டர். ஒரே பதிப்புன்னா அது வேற சங்கதி. ஆடியோல டைட்டில் சொல்றது ஒரு டிராக், முன்னுரை ஒரு டிராக், பேர்களப் பத்தின குறிப்பு ஒரு டிராக்னு எண்ணிக்கிட்டே போவாங்க, அதனால முதல் அத்தியாயமே நாலாவது டிராக்ல வந்து நிக்கும். பிளேயர்ல வர்றது டிராக் நம்பர்தான், அத்தியாய நம்பர் இல்ல. எப்பவும் ஒரே அளவு வித்தியாசம் இருந்தா கவலையே வேண்டாம். போகப் போக வித்தியாசம் கூடிக்கிட்டே வந்தாதான் வேற பதிப்பு, இல்ல சுருக்கின பதிப்பு.


மூணு வாரம் வெயிட்டிங் எழுதியது:

எல்லாரும் கடைக்கே ஓடறீங்க, லைப்ரரின்னு ஒண்ணு இருக்கறது யாருக்கும் ஞாபகம் இல்லையா? உங்க லைப்ரரி ஓவர்டிரைவ்ல (லைப்ரரிகளுக்கு ஈபுக், ஆடியோ தர்ற கம்பெனி) சேந்திருந்தா லிப்பி ஆப் போதும், கார்டு நம்பர் போட்டா ஆடியோ, ஈபுக் ரெண்டும் இரவலா வரும், காசே கிடையாது. ரெண்டும் தனித்தனி இரவல்தான், ஒண்ணு வந்தா இன்னொண்ணு வரும்னு இல்ல. ஆடியோவுக்கு வரிசை நீளமாவும் ஈபுக்குக்கு குட்டியாவும் இருக்கும், இல்ல தலைகீழா. ரெண்டும் ஒரே நேரத்துல கைல இருக்கணும்னா முதல்ல வர்றத உடனே எடுக்காதீங்க, எனக்கு அப்புறம் கொடுங்கன்னு தள்ளிப் போட வசதி இருக்கு, வரிசைல இடம் போகாது.

22 மணி நேரம்னு பயப்பட வேண்டாம். இரவல் காலம் லைப்ரரிய பொறுத்து 7, 14, 21 நாள்னு இருக்கும். 14 நாள்னே வெச்சுக்கோங்க, 1.25 ஸ்பீடுல கேட்டா 22 மணி 17 மணி 36 நிமிஷமா சுருங்கும், தினம் ஒண்ணேகால் மணி நேரம். உங்க வீட்ல அவ்வளவு துணி இருக்கான்னு எனக்குத் தெரியாது 😂 முடியலன்னா திருப்பிக் கொடுத்துட்டு மறுபடி வரிசைல நில்லுங்க, அடுத்த தடவை எடுக்கும்போது விட்ட இடமும் புக்மார்க்கும் அப்படியே இருக்கும்.

என்னோட வழக்கம் என்னன்னா ஆடியோவ லைப்ரரில இரவல் எடுப்பேன், ஈபுக்க மட்டும் சேல் வரும்போது காசு கொடுத்து வாங்குவேன். ஆடியோவ ரெண்டாவது தடவை முழுசா கேக்கற ஆள் ரொம்பக் கம்மி, மேப்பும் அடிக்குறிப்பும் இருக்கற ஈபுக்கதான் திரும்பத் திரும்ப புரட்டுவோம்.


பழைய பதிப்பு எழுதியது:

அம்மா, நீங்க சொல்ற புக் இப்ப எழுதினதுன்னா காசு கொடுத்துதான் ஆகணும். ஆனா அந்த ஆராய்ச்சியாளர் எதை வெச்சு எழுதினாரோ அந்த மூலப் பயணக் குறிப்புகள் நிறைய காப்புரிமை முடிஞ்சு சும்மாவே கிடக்கு. புராஜெக்ட் குட்டன்பர்க் 1971லேந்து நடக்குது, டெக்ஸ்ட் அங்க. லிப்ரிவாக்ஸ் 2005ல ஆரம்பிச்சது, தன்னார்வலர்கள் வாசிச்ச ஆடியோ அங்க. ரெண்டும் சட்டப்படி இலவசம்.

மார்கோ போலோவ எடுத்துக்கோங்க. 1271ல கிளம்பி 1295ல திரும்பி வந்தவர், அப்புறம் ஜெனோவாக்காரங்க சிறைல இருக்கும்போது 1298ல கூட இருந்த ருஸ்டிசெல்லோங்கறவர்ட்ட சொல்லச் சொல்ல அவர் எழுதினது. ஹென்றி யூல் 1871ல இங்கிலீஷ்ல போட்டார், 1903ல கோர்டியே திருத்திக் கூட்டினார், அது குட்டன்பர்க்ல இருக்கு. ஆனா கேக்கறதுக்கு அது ஆகாது, ஏன்னா பல இடத்துல மார்கோ போலோ அரைப் பக்கம் பேசுவார், யூல் அதுக்கு மூணு பக்கம் குறிப்பு போடுவார். படிக்க அமிர்தம், காதுக்கு தலைவலி. உங்க காஷ்கர், யார்க்கந்து, கோத்தான் வரிசைய யூல் குறிப்போட ஒரு தடவை படிச்சீங்கன்னா அப்புறம் எந்த ஆடியோ கேட்டாலும் குழம்பாது.

சீனத் துறவி பாஹியான் குறிப்பு, லெக்குங்கறவரோட மொழிபெயர்ப்பு 1886, ரொம்பச் சின்னது, அங்கயே இருக்கு. கேக்க நல்லா இருக்கறது இசபெல்லா பேர்ட்ங்கற இங்கிலீஷ்காரப் பயணி எழுதினது. 1879ல ராக்கி மலை பத்தியும் 1880ல ஜப்பான் பத்தியும் வந்தது, ரெண்டும் கடிதங்கள், முக்கியமா தங்கச்சிக்கு எழுதினது. ஒரு கடிதம் ஒரு நடைக்கு சரியா இருக்கும்.

இங்கயும் மொழிபெயர்ப்ப கவனிக்கணும். இபின் பதூதா 1325ல கிளம்பினவர், அவர் சொல்ல இபின் ஜுசைய்ங்கறவர் எழுதி 1355ல முடிச்சார். மூலத்துக்கு 600 வருஷத்துக்கு மேல வயசாச்சு, யாருக்கும் உரிமை கிடையாது. ஆனா மொழிபெயர்ப்புக்கு தனியா காப்புரிமை உண்டு. சாமுவேல் லீ 1829ல போட்டது இலவசம், ஆனா அது சுருக்கின அரபிப் பிரதிலேந்து செஞ்சது, நிறைய இருக்காது. முழுசா இங்கிலீஷ்ல வந்தது 1958லேந்து பல வருஷமா தொகுதி தொகுதியா வந்தது, அது இலவசம் இல்ல. அமெரிக்கால வெளியாகி 95 வருஷம் முடிஞ்சதெல்லாம் அடுத்த ஜனவரி 1ம் தேதி திறந்துக்கும், மத்த நாடுகள்ல பெரும்பாலும் ஆசிரியர் இறந்து 50, 60, 70 வருஷம்னு கணக்கு. ஒரு நாட்டுல இலவசமா இருக்கறது இன்னொரு நாட்டுல அப்படி இல்லாம போகலாம்.

லிப்ரிவாக்ஸ்ல ஒரு எச்சரிக்கை. சில புக் ஒருத்தரே முழுசா வாசிச்சிருப்பார், சிலது அத்தியாயத்துக்கு ஒருத்தர். ரெண்டாவது வகைல மூணாவது அத்தியாயத்துல பழகின குரல் நாலாவதுல காணாம போயிடும், புதுசா வந்தவர் அதே ஊர் பேர வேற மாதிரி சொல்வார், நீங்க புது ஊர்னு நினைச்சு மேப்ல தேடுவீங்க. தனி ஆள் வாசிச்சதா பாத்து எடுங்க.

ஒரு விஷயம் கவனிச்சீங்களா, மார்கோ போலோவும் சரி இபின் பதூதாவும் சரி, தானா உக்காந்து எழுதல, வாயால சொன்னாங்க, இன்னொருத்தர் எழுதிக்கிட்டார். நாமதான் இப்ப அத மறுபடி காதால கேக்க ரெண்டாவது தடவை காசு கொடுக்கறோம்.


சும்மா ஒரு டவுட் எழுதியது:

எதுக்கு இவ்வளவு கஷ்டம்? ஈபுக் மட்டும் வாங்கிட்டு போனையே வாசிக்கச் சொல்ல வேண்டியதுதான? இப்ப வர்ற டிடிஎஸ் (எழுத்த மெஷினே வாசிக்கறது) குரல்லாம் நல்லாத்தான இருக்கு.


காதுல ஹெட்செட் எழுதியது:

கதைப் புக்குக்கு ஓகே ப்ரோ. வரலாறு புக்குக்கு நான் பண்ணிப் பாத்துட்டேன். "அவர் கிளம்பிய ஆண்டு 1325"ன்னு வரி முடியுது, அதுக்கு மேல அடிக்குறிப்பு நம்பர் 7னு குட்டியா இருக்கு. மெஷின் அத சேத்து பதிமூவாயிரத்து இருநூத்தி அம்பத்தேழுன்னு படிச்சுது. அடிக்குறிப்பு இல்லாத புக்கா இருந்தா, காசே செலவு பண்ண முடியாத நேரத்துல, பரவால்ல. எல்லா ஈபுக்லயும் அந்த வசதி திறந்தும் இருக்காது, அதையும் பாத்துக்கோங்க.


விலை இறங்கட்டும் எழுதியது:

சேல் எப்ப வரும்னு கேட்டிருந்தீங்க, அத யாரும் சரியா சொல்லல. பெரிய பதிப்பகங்கள் ஈபுக் விலைய பெரும்பாலும் அவங்களே வெக்கறாங்க, கடை இல்ல. 2010லேந்து வந்த பழக்கம் இது. அதனால ஒரு கடைல விலை இறங்கினா மத்த கடைலயும் அதே நாள் இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம், கடை கடையா ஏறி இறங்கறத விட அந்தப் புக்க கவனிச்சா போதும். அதே ஆசிரியரோட அடுத்த புக் வரப் போற நேரம், பேப்பர்பேக் வர்ற நேரம், இந்த ரெண்டுலயும் பழைய புக் ஈபுக் விலை அடிக்கடி இறங்கும். விஷ்லிஸ்ட்ல போட்டு வெச்சா சில கடைலேந்து மெயில் வரும், கிண்டில் விலைக்கு ஈரீடர்ஐக்யூ மாதிரி கண்காணிக்கிற சைட் இருக்கு, புக்பப் மெயில்ல சேல்ல இருக்கறத அனுப்புவாங்க. ஆடியோவுக்கு சிர்ப்னு அவங்களே நடத்தறது இருக்கு, சந்தா கிடையாது, ஆனா எல்லா நாட்டுலயும் இல்ல.

சேல்ல ஆடியோ பாத்தா முதல்ல நீளத்த பாருங்க. வாசிக்கிற வேகம் நிமிஷத்துக்கு சுமார் 150 வார்த்தை, மணிக்கு 9,000. பக்கத்துக்கு 300 வார்த்தைன்னா மணிக்கு 30 பக்கம். 500 பக்க புக்குன்னா 16, 17 மணி நேரம் வரணும், கடைசில குறிப்பு, நூல் பட்டியல், இண்டெக்ஸ்னு நூறு பக்கம் கழிச்சா 13. அங்க 6 மணி நேரம்னு போட்டு சல்லிசா கொடுக்கறாங்கன்னா அது சுருக்கினது. எனக்கு அப்படி ஒண்ணு தலைல கட்டிட்டாங்க, கடல் பயணம் பத்தின புக், திரும்பி வர்ற பயணத்தயே காணோம், ஆளு கரைக்கு வந்ததும் நேரா நன்றியுரை 🤦 "அன்அப்ரிட்ஜ்ட்"னு (சுருக்காதது) எழுதியிருக்கான்னு பாத்துட்டு கைய வைங்க.

ஆடியோவோட மேப் பிடிஎஃப் தர்றாங்களான்னும் பாருங்க. தந்தா உங்களுக்கு ஈபுக்கே தேவையில்லாம போகலாம்.

இன்னொண்ணு, மலிவுன்னு தெரியாத கடைல போய் மாட்டாதீங்க. நாம வாங்கறது பெரும்பாலும் புக் இல்ல, படிக்க அனுமதி. மைக்ரோசாஃப்ட் 2019ல ஈபுக் கடைய மூடினப்ப வாங்கின புக்ஸெல்லாம் திறக்காம போச்சு, காசத் திருப்பிக் கொடுத்துட்டாங்க, அது பெரிய கம்பெனி, கொடுத்தாங்க. சின்ன கடைன்னா யாரப் போய் கேப்பீங்க? முடிஞ்சா டிஆர்எம் (காப்பி பண்ண விடாத டிஜிட்டல் பூட்டு) இல்லாம டவுன்லோட் பண்ண விடற கடைல வாங்குங்க, ஆடியோவுக்கு லிப்ரோ எஃப்எம் அப்படித்தான். டிஆர்எம் இல்லாத இபப் (ஈபுக் ஃபைல் வகை) ஃபைல கிண்டிலுக்கும் அனுப்பலாம், 2022லேந்து சென்ட் டு கிண்டில் அத எடுத்துக்குது.


ஊர்சுத்தாத ஊர்சுத்தி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி, அப்டேட் போடறேன்னு நாலு நாள் ஆச்சு, மன்னிக்கவும்.

விஸ்பர்சிங்க் பாத்தேன், என் அக்கவுண்ட்ல அந்த டிக் பாக்ஸ் வரல. லைப்ரரி ஆப்ல ஆடியோ இருக்கு, எனக்கு முன்னாடி வரிசைல 9 பேர், போட்டு வெச்சுட்டேன். ஈபுக்க விலை கண்காணிப்புல போட்டிருக்கேன், ரெண்டும் ஒரே பதிப்பான்னு பப்ளிஷர் பேரு, வருஷம் வெச்சு சரிபாத்துட்டேன், ஹெட்செட் ப்ரோ புண்ணியத்துல. பக்கம் 30ஆல வகுத்துப் பாத்தேன், 22 மணி கிட்டத்தட்ட சரியா வருது, சுருக்கல.

இடைப்பட்ட நேரத்துக்கு அய்யா சொன்ன இசபெல்லா பேர்ட் ராக்கி மலை கடிதங்கள எடுத்தேன், ஆடியோ லிப்ரிவாக்ஸ், டெக்ஸ்ட் குட்டன்பர்க், ஒரு பைசா செலவில்ல, டெக்ஸ்டும் வாசிப்பும் வரிக்கு வரி ஒத்துப் போகுது. ரெண்டு கடிதம் முடிஞ்சுது, துணி மடிக்கறது முடிஞ்சும் சும்மா உக்காந்து கேட்டேன்.

ஒரே ஒரு டவுட், லிப்ரிவாக்ஸ் ஆடியோவுக்கு 64 கேபிபிஎஸ், 128 கேபிபிஎஸ்னு (ஒலித் தரம்) ரெண்டு டவுன்லோட் இருக்கே, எத எடுக்கணும்? போன்ல இடம் கம்மி.


காதுல ஹெட்செட் எழுதியது:

64 எடுங்க சிஸ்டர், பேச்சுக்கு தாராளம். மணிக்கு 29 எம்பிதான் வரும், 128ன்னா அதுக்கு ரெண்டு மடங்கு. சோப்புக் கையால பின்னாடி தள்ளறது ரெண்டுலயும் ஒரே மாதிரிதான் 😂